சத்தத்துக்குப் பயப்படாத பிள்ளை

நாற்பது நிமிஷம் ஆகும், பாப்பா நன்றாகத் தூங்கினால் அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா கதவைச் சாத்தினார். சாத்தும்போது சத்தமே வரவில்லை. கதவு ஓரமெல்லாம் கறுப்பு ரப்பர் ஒட்டியிருந்தது. நல்ல கனத்த கதவு, அது போய்ச் சட்டத்தில் பொருந்தியது தலையணைமேல் தலையணை வைத்தது மாதிரி இருந்தது. மகுடேஸ்வரி எதிரே கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே அவளுடைய சின்ன மகள், நாலு மாதக் குழந்தை, தூக்க மருந்து குடித்துவிட்டு நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிக் கிடந்தது. காதுக்குள் டக்டக்கென்று சத்தம் விடுவார்களாம். அந்தச் சத்தம் மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று கம்ப்யூட்டரில் கோடு விழுமாம். குழந்தை முழித்துக்கொண்டு சொல்ல வேண்டியதில்லை, திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அம்மாவும் அப்பாவும் நாங்கள் கூப்பிட்டால் பார்க்கிறதுங்க என்று பொய் சொல்லவும் வழியில்லை. பிறந்த மூன்றாம் நாள் ஒரு சின்ன மிஷினைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு ரெண்டும் ஃபெயில் என்றார்கள். நாற்பத்தைந்தாம் நாள் மறுபடி வைத்துப் பார்த்தார்கள், மறுபடியும் ஃபெயில். பிறந்து மூன்று நாளில் ஒரு உசிர் எதில் ஃபெயிலாக முடியும். இன்றைக்குப் பார்ப்பதுதான் கடைசி, இதில் தெரிந்துவிடும் என்று எழுதிக் கொடுத்துப் பள்ளிபாளையத்திலிருந்து இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவள் புருஷன் அங்கமுத்து உள்ளே வரமாட்டேன் என்று வண்டி நிறுத்துகிற இடத்திலேயே நின்றுகொண்டான். முடிஞ்சதும் போன் பண்ணு புள்ள என்றான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை, அவனுக்கும் அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அதனால் இரண்டு பேரும் பாப்பாவின் துணிப் பையையே பார்த்துப் பேசிக்கொண்டார்கள்.

பக்கத்தில் மூத்தவள் தேவிஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். பதினோரு வயது. காலாண்டு லீவுக்குக் காதுகேளாதோர் பள்ளி விடுதியிலிருந்து வந்தவள், வீட்டில் விட்டுவிட்டு வர ஆளில்லாமல் கூட்டி வந்தாயிற்று. வலது காதில் மிஷின் மாட்டியிருந்தாள். அது மாட்டினாலும் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் கேட்காது, லாரி ஹாரன் அடித்தால் என்னவோ அதிர்கிறது என்று மட்டும் தெரியும், ஆனால் வெளியே வரும்போது மாட்டிக்கொண்டு வருவாள், மற்ற பெண்கள் வளையல் போட்டுக்கொள்கிற மாதிரி. காலை ஆட்டிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த காதின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய காது, உள்ளே நத்தை ஓடு மாதிரி ஒன்று. அந்த நத்தையில்தான் எல்லாம் இருக்கிறது என்று முன்னே ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். முன்னே என்றால் ஏழு வருஷம். அப்போது தேவிக்கு நாலு வயது. மூன்று வயது வரைக்கும், மூன்றரை வயது வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒருத்தருக்கும் என்று சொல்லிக்கொள்வது சுலபமாக இருக்கிறது, பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா. அந்தத் தீபாவளி. தேவிக்கு ஒன்றரை வயது, மஞ்சள் கவுன், ஒரு கையில் கரும்பைப் பிடித்த மாதிரி கம்பி மத்தாப்பின் குச்சி, தெருவில் பையன்கள் ஆயிரம் வாலா கொளுத்துகிறார்கள், வீதி முழுக்கப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அம்மா புடவைக்குள் ஓடுகிறதுகள், தேவி மட்டும் புகைக்கு நடுவில் நின்றுகொண்டு சிரிக்கிறாள். பட்டாசு வெடிக்க வெடிக்க நெருப்பைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாள். எதிர்வீட்டு ராஜாமணி அக்காதான் சொன்னது, “ஏ மகுடே, உன்ற புள்ள என்னடி இப்பிடி, ரவைகூடப் பயமே இல்ல, போலீசுக்குத்தான் போவா பாரு.” மகுடேஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்து உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். சுற்றிப்போட்டாளே. கண்ணு பட்டுவிடும் என்று.

இந்த ஆஸ்பத்திரியில்தான் எத்தனை சத்தம். ஸ்ட்ரெச்சர் சக்கரம், எவனோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிறான், ஒரு குழந்தை ஊசிக்கு அழுகிறது, மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் கட்டக் என்கிறது. கட்டக் கட்டக். தறி மாதிரி. தறியென்றால் இது எங்கே, பன்னிரண்டு தறி ஒரே கொட்டகையில் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் காதில் விழாது, வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கம் ஓடி அந்தப் பக்கம் இடிக்கிற இடி நெஞ்செலும்பில் வந்து விழும். அந்தக் கொட்டகையில்தான் தேவியைப் போட்டு வளர்த்தாள். பெற்ற நாற்பதாம் நாள் வேலைக்கு வந்தாயிற்று, வரவில்லையென்றால் தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மூன்றாம் தறிக்கும் நாலாம் தறிக்கும் நடுவே விட்டத்தில் சேலையைக் கட்டித் தொட்டில். அந்த இடிக்குள் குழந்தை அப்படி ஒரு தூக்கம் தூங்கும். முதலாளியம்மா வந்து பார்த்துவிட்டு, எங்க வீட்டுல ஸ்பூன் கீழ விழுந்தாவே என்ற பேரன் முழிச்சிக்கிறான், உம் புள்ள தங்கம் என்றாள். தங்கம். மறுபடி பெருமை. எல்லாரும் மெச்சி மெச்சித்தான் சொன்னார்கள், ஒருத்தராவது குறையாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே கூட்டிக்கொண்டு ஓடியிருப்பாளே. ஓடியிருப்பாளா. கட்டிய மாமன் விட்டிருப்பானா. பேச்சு வரவில்லை என்றபோது, நானே அஞ்சு வயசுலதான் பேசுனேன் என்று அங்கமுத்து சொன்னான். சொன்னதும் எவ்வளவு நிம்மதியாக இருந்தது. நிம்மதி வேண்டும் என்றுதான் அவனிடம் போய்க் கேட்டாள், அவன் கொடுத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தொட்டிலை இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கலாம். வாசல் பக்கம். வாசல் பக்கம் கட்டினால் பாவு நூல் சுத்துகிற சுசீலாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். காதில் பஞ்சாவது. ஒரு துளிப் பஞ்சு. நாள் முழுக்க நூலும் பஞ்சும் தலையில் முகத்தில் மூக்கில் ஒட்டிக் கிடந்தது, அதில் ஒரு துளி எடுத்துப் பிள்ளை காதில் வைக்கத் தோன்றவில்லை.

“எந்தப் புள்ளைக்கும்மா பாக்கறீங்க?”

பெஞ்சின் மறுகோடியில் ஒரு வயதான பெண், கண் ஆபரேஷனுக்கு வந்தவள் போல, ஒரு கண்மேல் பச்சைத் துணி கட்டியிருந்தாள்.

“சின்னதுக்குங்க. உள்ள இருக்குது.”

“இது?”

“இதுக்கும் கேக்காதுங்க.”

“அடப் பாவமே. மூக்கும் முழியுமா லட்சணமா இருக்குதே.” அந்தப் பெண் தேவியை மேலும் கீழும் பார்த்து உச்சுக் கொட்டினாள். தேவி அவளைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் சுவரிலிருந்த காதைப் பார்த்தாள். கால் ஆட்டுவது நின்றிருந்தது.

இதுக்கும் என்று ஏன் சொன்னாள். உள்ளே இருப்பதற்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லையே. இதுக்குக் கேட்காது என்று சொல்ல வேண்டியதுதானே, அந்த ‘உம்’ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. வாயிலிருந்து வந்துவிட்டால் பலித்துவிடுமோ. எத்தனை நிமிஷம் ஆயிற்று. பதினைந்து. போனில் பார்த்தால் பதினொன்றுதான். பெயர் வைக்கிற அன்று அங்கமுத்துவின் மூத்த அக்கா தேவியைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் குனிந்து காதில் தேவிஸ்ரீ தேவிஸ்ரீ தேவிஸ்ரீ என்று மூன்று தரம் சொன்னாள், சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்தப் பெயர் எங்கே போயிற்று. ஒரு நாளும் போய்ச் சேராத பெயரைப் பதினோரு வருஷமாக வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், பழக்கம் விடவில்லை, சோறு ஆறுது தேவீ என்று கத்திவிட்டுப் பிறகுதான் போய்த் தோளைத் தொடுவாள். விடுதியில் அவளுக்கு வேறு பெயர் என்று வார்டன் சொல்லித்தான் தெரியும். புருவத்தில் இருக்கிற தழும்பை ஒரு விரலால் தொட்டுக் காட்டினால் அதுதான் தேவியாம், பிள்ளைகளே வைத்தது. பெற்றவளுக்குத் தெரியாத பெயர். இந்தப் பாப்பாவுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. டெஸ்டு முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டாயிற்று. எதற்குத் தள்ளிப் போட்டோம் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

சொந்தத்திலா கல்யாணம் என்று அந்த முதல் டாக்டர் கேட்டார். தாய்மாமனுங்க, அம்மாவோட கூடப்பிறந்த தம்பி என்றாள். ம் என்றார். அவ்வளவுதான். ம் என்று சொல்லிவிட்டு எழுதினார். அந்த ம் ஏழு வருஷமாக உள்ளே கிடக்கிறது, தொண்டையில் சிக்கின முள் மாதிரி, சோறு முழுங்குகிற போதெல்லாம் இருக்கிறேன் என்கிறது. மாமனைக் கட்டியது அவள் இஷ்டமா. இல்லை என்றும் சொல்ல முடியாது. திருவிழாவில் அவன் வாங்கிக் கொடுத்த பாசிமணியைப் பத்து வருஷம் வைத்திருந்தாள். ரத்தமென்றால் இரண்டு பேர் ரத்தம், குடும்பத்து ரத்தம், ஊரே அப்படித்தான் கட்டிக்கொள்கிறது, அதில் பழி எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சம் விழும். தறிச் சத்தமென்றால் ஒரே தலைதான். தொட்டில் கட்டிய கை ஒரே கைதான். அதனால்தான் இந்தப் பிள்ளை வயிற்றில் தங்கியதும் தறிப் பக்கமே போகமாட்டேன் என்று நின்றுகொண்டாள். துண்டு மடிக்கிற வேலைக்குப் போனாள், அங்கே ஒரு சத்தமும் கிடையாது, துணி உதறுகிற சத்தம்தான். ஒரு கல்யாணத்துக்குப் போகவில்லை, மேளம் அடிப்பார்கள். கோவில் நோன்பிக்குப் போகவில்லை, வெடி போடுவார்கள். ஒன்பது மாதம் காதைப் பொத்திக்கொண்ட மாதிரி இருந்து பெற்ற பிள்ளை. அதற்கும் ஃபெயில் என்றால் அது தறி இல்லை. அதுதானே கணக்கு. சத்தமே படாத பிள்ளைக்கும் காது இல்லையென்றால் தேவிக்கும் தறியால் போகவில்லை என்று ஆகிறது. ரத்தம்தான் என்று ஆகிறது. கேட்கிறது என்றால்.

கேட்கிறது என்றால் அப்புறம் அந்தத் தொட்டில்தான். மகுடேஸ்வரி கையிலிருந்த துணிப் பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். விரல் நுனி வெளுத்தது. நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், அதற்குள் அது வந்துவிட்டது, வாசலில் நாய் எட்டிப் பார்க்கிற மாதிரி வந்து எட்டிப் பார்த்துவிட்டது: கேட்காமலே இருந்தால். கேட்காமலே இருந்தால் என்மேல் இல்லை. ஒரு நொடி. ஒரு நொடி கூட இருக்காது. உடனே மாரில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, எழுந்து அந்த ரப்பர் கதவைப் பிளந்துகொண்டு போய்ப் பிள்ளை காலில் விழ வேண்டும் போலிருந்தது. பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. அந்த மாருக்குக் கீழேயா இந்த நினைப்பு இருந்தது. சாமி, இதைக் கணக்கில் எடுக்காதே. நான் நினைக்கவில்லை, அதுவாக வந்தது. இரண்டு காதும் கொடு. என்மேலே எல்லாப் பழியும் போடு, நானே கட்டினேன் தொட்டிலை, நானே, நானே. ஆபரேஷன் பண்ணலாம் என்று தேவிக்குச் சொன்னபோதும் நாங்கள்தான் பயந்தோம். மண்டையைத் தொறந்து மிஷின் வெப்பாங்களாமா, புள்ள பொழைக்குமா என்று அங்கமுத்து அழுதான், அவளும் அழுதாள், அடுத்த மாதம் பார்க்கலாம், தைக்குப் பிறகு பார்க்கலாம், அப்புறம் போனபோது வயசு தாண்டிருச்சேம்மா என்றார்கள். வயசு தாண்டிவிட்டது. என்னவோ பஸ் போய்விட்டது என்கிற மாதிரி சொன்னார்கள். பஸ் என்றால் அடுத்த பஸ் வரும்.

கதவு திறந்தது அவளுக்குத் தெரியவில்லை. சத்தம் வராத கதவு. தேவிதான் முழங்கையால் இடித்தாள்.

டாக்டரம்மா காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார். சின்ன வயது, மூக்குக் கண்ணாடி. “அம்மா, நல்ல சேதிதான். ரெண்டு காதும் நல்லா இருக்கு. நடுக்காதுல நீர் கோத்திருந்திருக்கும், அதான் அந்தச் சின்ன மிஷின் ரெண்டு தரமும் அப்படிக் காட்டிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. மூணு மாசம் கழிச்சு ஒரு தரம் வந்து காமிங்க.”

“கேக்குதுங்களா?”

“கேக்குதும்மா. நல்லாக் கேக்குது.”

அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று அவளால் வரிசையாக நினைவுபடுத்த முடியவில்லை. சிரித்தாள். அழுதாள். டாக்டரம்மாவின் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பச்சைத் துணிக்காரி எழுந்து வந்து தோளில் தட்டினாள். போனை எடுத்து, மாமா, மாமா, கேக்குதாமா, ரெண்டு காதும் கேக்குதாமா என்று கத்தினாள், அந்தப் பக்கம் அங்கமுத்து மூக்கை உறிஞ்சினான், சாமி காப்பாத்திருச்சு புள்ள, நம்மளக் காப்பாத்திருச்சு என்றான். நம்மை எதிலிருந்து காப்பாற்றியது என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. ஒன்று மட்டும் நினைவிருந்து கேட்டாள்.

“அப்ப மூத்ததுக்குத் தறிச் சத்தத்துலதாங்களா போச்சு?”

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. தொட்டிலைப் பற்றிச் சொன்னதும் இல்லை என்று தலையை ஆட்டினார். “அப்படிச் சொல்ல முடியாதும்மா. பெரும்பாலும் பிறக்கும்போதே இருந்திருக்கும். சொந்தத்துல கட்டுனா ஒரு பிள்ளைக்கு வரும், ஒரு பிள்ளைக்கு வராது. இதுக்குக் கேக்குதுங்கறத வெச்சு அதுக்கு எதனாலன்னு சொல்லவே முடியாது.” சொல்லிவிட்டு, குழந்தை முழிக்கட்டும், இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்று உள்ளே போனார். ஆக அதுவும் இல்லை. நாற்பது நிமிஷம் போட்ட கணக்கு ஒரு பக்கமும் சாயாமல் அப்படியே நின்றது. அது ஆறுதலா இல்லையா என்று மகுடேஸ்வரிக்குப் பிடிபடவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

தேவி பெஞ்சில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அம்மா சிரித்ததை, அழுததை, டாக்டர் கையில் முத்தம் வைக்காத குறையாக ஒற்றிக்கொண்டதை. மகுடேஸ்வரி இப்படிச் சிரித்து அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒரு விரலால் காதைக் காட்டி, கதவைக் காட்டி, கையை விரித்துக் கேட்டாள். பாப்பாவுக்கு? மகுடேஸ்வரி வேகவேகமாகத் தலையாட்டினாள், காதைத் தொட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள், இன்னும் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதை எடுக்கத் தெரியவில்லை. தேவியும் கட்டைவிரலை உயர்த்தினாள். சரி என்று தலையாட்டினாள். நல்ல பிள்ளை மாதிரி சிரித்தாள். பிறகு குனிந்து மடியில் கிடந்த ஓபி சீட்டைத் திருப்பி, பேனா கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். அவளுடைய எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும், வார்த்தைகள்தான் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும், பேச்சைக் கேட்டுப் பழகாத தமிழ். எழுதி நீட்டினாள்.

பாப்பா காது நல்ல. சந்தோசம். நான் நினைச்சேன் பாப்பா நான் மாதிரி. வீடு நான் மட்டும்.

மகுடேஸ்வரி அதை இரண்டு தரம் படித்தாள். வீட்டில் என்று இருக்க வேண்டும் என்று முதலில் தோன்றியது, அப்புறம்தான் மீதி உள்ளே இறங்கியது. இந்தப் பத்து நாள் லீவிலும் தேவி பாப்பாவின் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, மூடிக் கிடக்கிற அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து என்னவோ செய்துகொண்டிருந்தாள். விளையாடுகிறாள் என்று இவள் அடுப்பு வேலையைப் பார்த்தாள். சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தனக்கு ஒரு ஆள் வந்துவிட்டது என்று இருந்திருக்கிறாள். அம்மா எதை வேண்டாம் வேண்டாம் என்று அழுதாளோ அதை இந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும். அப்படி இல்லை கண்ணு என்று, நீ வேண்டாம் என்று நான் சிரிக்கவில்லை என்று, உன்னைப் பெற்றதற்கு நான் ஒரு நாளும். மகுடேஸ்வரி இரண்டு கையையும் தூக்கினாள். சாப்பாடு தெரியும். தூக்கம் தெரியும். வா, போ, குளி, வயிற்று வலியா, காய்ச்சலா, பள்ளிக்கூடம், பஸ், அப்பா. பதினோரு வருஷத்தில் கையில் இருந்தது அவ்வளவுதான். இதைச் சொல்ல அதில் ஒன்று கூட இல்லை. தூக்கிய கைகள் அப்படியே நின்றன. தேவி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், பொறுமையாக, திக்குகிற ஆள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதிரி.

அப்போது உள்ளே பாப்பா அழுதது. யாரோ கதவைத் திறந்து விட்டிருந்தார்கள், அந்தக் குரல் கீறிக்கொண்டு வந்தது, மகுடேஸ்வரியின் தலை அவளைக் கேட்காமலே அந்தப் பக்கம் வெடுக்கென்று திரும்பியது. திரும்பிய பிறகுதான் தெரிந்தது, கைகள் இன்னும் மகளுக்கு நேராக அந்தரத்தில் இருந்தன. தேவி அம்மாவின் கழுத்து திரும்பியதைப் பார்த்தாள். எதற்கு என்று அவளுக்கு ஒருத்தரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீட்டை நாலாக மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் எழுந்து, பாப்பாவைத் தூக்க உள்ளே போனாள்.